சுவரைக் குறைங்க

...அதைத்தான் தம்பி சொல்றேன், பலகை நல்ல பலகையா இருக்கணும். ஏணியை அந்தப் பக்கம் போடுங்க, இங்க தரை வழுக்கும். பாத்தீங்கல்ல? எந்தச் சுவராவது கூரையைத் தொடுதா? ஆள் உசரத்துக்கு மேல ரெண்டு சாண், அதோட நிக்குது. மேல பலகை அடிச்சு மூடிக் குடுக்கத்தான் உங்களை வரச் சொன்னேன்.

எல்லாம் அந்த மேஸ்திரி பண்ண வேலை. நான் என்ன பெருசாக் கேட்டேன்? வீடு சின்னதா இருக்கணும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, ஆனா மாடர்னா இருக்கணும், மகனும் மருமகளும் எங்களோடயே இருக்கணும். பிளானை நானே போட்டேன் தம்பி. போன்ல எத்தனை வீடியோ பாத்திருப்பேன்! எல்லாத்துலயும் ஒரே பாட்டு, சுவர் கம்மின்னா செலவு கம்மி, வெளிச்சம் ஜாஸ்தி. நம்ம பிளானைப் பாக்குறேன், சாப்பிட ஒரு சுவர், டிவி பாக்க ஒரு சுவர், அடுப்படிக்கு ஒரு சுவர். எதுக்கு இத்தனை? தூண் நிறுத்திக் கூரை போட்டு முடிச்சு, உள்சுவர் எழுப்புற நேரம், பொண்ணுக்குப் பிரசவம்னு நான் ஆஸ்பத்திரியில கிடக்குறேன். அங்கேருந்தே மேஸ்திரிக்குப் போன் போட்டு, "சுவரைக் குறைங்க"ன்னேன். தெளிவாத்தான் சொன்னேன்.

வந்து பாத்தா எண்ணிக்கையில ஒண்ணு கூடக் குறையல. அத்தனையும் நிக்குது, குட்டையா நிக்குது. "அம்மா சொன்னபடியே குறைச்சிட்டேன்"னு பல்லைக் காட்டுறான் அந்த ஆளு.

ஆங்? அப்பவே ஒசத்தியிருக்கலாமா? ஒசத்தியிருக்கலாம்தான்... அதுக்குள்ள என் நாத்தனார் வந்து, "என்ன இது, பாதியில நிக்குது"ன்னு கேட்டுட்டாங்க. அவங்ககிட்ட விட்டுக்குடுக்க முடியுமா? இதுதான் இப்ப டிசைனு, காத்து நல்லா ஓடும், உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு அளந்துவிட்டேன். சொன்ன வாய் சொன்னதுதானே.

காத்து மட்டுமா ஓடுது? இவர் குறட்டை வீடு பூரா சுத்திட்டு வருது. நான் வெங்காயம் வதக்கினா மூணு ரூம்ல தும்மல். நானும் இவரும் குசுகுசுன்னு சண்டை போட்டா, "அம்மா சொல்றதுதான்ப்பா சரி"ன்னு அந்தப் பக்கத்துலேருந்து மகன் தீர்ப்பு சொல்றான். சார்ஜரைத் தூக்கிச் சுவருக்கு மேல போடுறாங்க, இவர் தலையில விழுது. சுவருக்கும் காது இருக்கும்பாங்க. எங்க வீட்ல காது மட்டும்தான் முழுசா இருக்கு.

சிரிக்காதீங்க தம்பி. ஏணி ஆடுது.

விஷயம் அதில்ல. நேத்து மருமக அவங்கம்மாகிட்ட போன்ல பேசிட்டு இருந்தா. நான் ஒட்டுக் கேக்கல, வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன், அது தானா வந்து விழுது. "கதவைச் சாத்தினா சாத்தினதா இருக்கணும்மா. அடுத்த மாசம் வேற வீடு பாக்கப் போறோம்"ங்குறா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. யாருக்காக இந்த வீட்டைக் கட்டுனேன்? அவ தேச்ச பாத்திரத்தை அவளுக்குத் தெரியாம நான் மறுபடி தேய்ப்பேன், அது வேற கதை. மூலை முடுக்குல அழுக்கை அப்படியே விட்டுருவா. ஆனா அந்தப் பொண்ணு இல்லேன்னா நான் யாருகிட்டப் பேசுவேன்? இவர்கிட்டயா? இவருக்கு நான் பேசினா மட்டும் காது அடைச்சுக்கும். எனக்கு அவ வேணும் தம்பி. அதான் அவ வேலைக்குப் போன நேரம் பாத்து...

யாரு இருமினது? நீங்களா? நீங்க இல்லையா?

ஐயையோ. ஏம்மா, நீ போகலையா இன்னிக்கு? லீவா? காலையிலேருந்து உள்ளயேவா இருக்கே? ஆங்... ஆங்... என்னது?

கேட்டீங்களா தம்பி? "எங்க ரூமுக்கு மட்டும் மேல வரைக்கும் மூடச் சொல்லுங்க அத்தை. அடுப்படிப் பக்கம் அப்படியே இருக்கட்டும். பாத்திரத்தை இனிமே நீங்களே முதல்லயே தேச்சிருங்க"ங்குறா. எங்க ரூமுன்னுதானே சொன்னா? உங்க காதுலயும் அப்படித்தானே விழுந்துச்சு? அப்ப போகலையாம்மா நீங்க? போகலையாம் தம்பி, போகலையாம்! இதோ டீ போடுறேன், நீங்க அளந்துக்கங்க.

எவ்வளவு ஆகும்? அவ்வளவா? அடேங்கப்பா, கொஞ்சம் குறைங்க தம்பி... ஐயோ, நில்லுங்க, நில்லுங்க. விலையை. விலையைச் சொன்னேன். பலகையை இல்ல!