அம்பத்திமூணாவது வாரம்

இல்ல தம்பி, நீங்களே நியாயம் சொல்லுங்க. வருஷத்துல ரெண்டு, நாலு, ஆறுன்னு எண்ணி வர்ற ரெட்டை வாரம், வியாழக்கிழமை, காலைல ஏழுலேர்ந்து பத்து. அந்த மூணு மணி நேரம் இந்தத் துணி தொவைக்கிற ரூம் எனக்கு. இருபத்திரெண்டு வருஷமா எனக்கு. இன்னைக்கு எறங்கி வந்து பாத்தா... ரெண்டு மெஷின்லயும் யாரோட போர்வையோ! என்ன தைரியம்! ஓடி முடியிற வரைக்கும் நின்னேன். முடிஞ்சதும் எல்லாத்தையும் வழிச்சு அந்த பெஞ்சு மேல போட்டுட்டேன். ஈரத்தோட கெடக்கட்டும். கதவுல ஒரு சீட்டும் எழுதி ஒட்டிட்டேன். பாத்தீங்கல்ல? "நாகரிகமானவர்கள் குடியிருக்கும் கட்டடம் இது. துவைக்கும் முறைப் பட்டியலைப் படிக்கத் தெரியாதவர்கள் ஆற்றில் போய்த் துவைக்கவும்." மூணு ஆச்சரியக்குறி. நேர்ல யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம் நாம. சீட்டுதான்.

உக்காருங்க, உக்காருங்க. கூடையைக் கீழ வைங்க. மூணாம் மாடிக்குப் புதுசா வந்தவர்தானே? நான் சிக்ஸ்டன், ஒண்ணாம் மாடி. என் துணி இன்னும் நாப்பது நிமிஷம் ஓடும். என்ன துணின்னு கேளுங்களேன்... அரைக்கால் சட்டை. ஏழு. பூப்போட்ட சட்டை நாலு. வெளியில மைனஸ் பதினெட்டு! சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சுட்டேதான் உள்ள போட்டேன்.

எல்லாம் என் பொண்டாட்டியால. குன்வோர். பல் டாக்டர்கிட்ட வேலை, ஊர் வாயெல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த ஜனவரியில அவளுக்கு அறுபது. என்ன வேணும்னு ரொம்ப முன்னாடியே கேட்டு வச்சேன். "ஒரு தீவுல போயி சும்மா உக்காரணும்"னா. அவ்வளவுதான் கேட்டா. யோசிச்சுப் பாருங்க... சும்மா உக்காரணும்!

அதை யார்கிட்ட கேட்டா? நான் முப்பத்தெட்டு வருஷம் இந்த சுண்ட்ஸ்வால் ஊர் பஸ்ஸுக்கெல்லாம் டைம் டேபிள் போட்டவன். சும்மாங்கறதுக்கு நான் எந்தக் கட்டத்துல எடம் போடுவேன்?

பதினாலு மாசம் திட்டம் போட்டேன் தம்பி. ஒனேராவான்னு ஒரு தீவுக்கூட்டம், பசிபிக் நடுவுல, வரைபடத்துல ஈ உக்காந்துட்டுப் போன மாதிரி எட்டுப் புள்ளி. ரெண்டு வாரத்துக்கு ஒரு கப்பல். வேற வழி கெடையாது. நான் ஒரு பைண்டர் போட்டேன், வளையம் வச்ச தடி ஃபைல். நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. பத்து மணி, கடலைப் பார்த்தல். பத்தே முக்கால், காப்பி. பதினொண்ணு, கடலை மறுபக்கத்திலிருந்து பார்த்தல். மழை பெஞ்சா அதுக்கு ஒரு பைண்டர் தனியா.

குன்வோர் பொறுமையா எல்லாத்தையும் புரட்டினா. "சிக்ஸ்டன், நான் சும்மா உக்கார்றது எங்க?"ன்னா. எடுத்துக் காட்டினேன். வியாழக்கிழமை, ரெண்டுலேர்ந்து மூணரை, "சும்மா இருத்தல்". "மூணரைக்கு மேலயும் எனக்குச் சும்மா இருக்கத் தோணினா?"ன்னா. அடுத்த செவ்வாக்கெழமை ஒரு இருபது நிமிஷம் இருக்குன்னேன்.

அப்பவே அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. நான் பசின்னு நெனச்சேன்.

என்ன, பெஞ்சையே பாக்கறீங்க? ஆமா, சொட்டுது. அவங்களுக்கு வேணும்.

சரி, கதைக்கு வரேன். கப்பலாபீசுக்கு எழுதிக் கேட்டது குன்வோர். ஆறாம் வாரம், வியாழக்கிழமை கப்பல்னு சொன்னா. அவ லீவும் ஆறாம் வாரத்துலேர்ந்து பத்தாம் வாரம் வரைக்கும். விமான டிக்கெட் போட்டது நான். நல்லாக் கவனிங்க, கடையில விக்கிற காலண்டர் என் வீட்டுல ஏறினதே இல்ல. வருஷா வருஷம் நானே வார டேபிள் போட்டு அடுக்களையில மாட்டுவேன். அடுத்தவன் போட்ட டேபிளைப் பாத்து நான் நாள் எண்றதா? அதுல பாத்து, ஆறாம் வாரம் திங்கக்கெழமைக்கு ரெண்டு டிக்கெட் போட்டேன். விலையும் மலிவு. எனக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

கெளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடி குன்வோர் டிக்கெட்டைக் கையில வாங்கிப் பாத்தா. "சிக்ஸ்டன், இது அஞ்சாம் வாரம்"னா. இல்ல, ஆறுன்னேன். "பல் ஆஸ்பத்திரியில ஆறாம் வாரம் இதுக்கு அடுத்ததுங்கறாங்களே?" அவங்க பல்லை எண்ணட்டும்னேன். "ரேடியோவுலயும் அப்படித்தான் சொல்றான்." ரேடியோவும் தப்புன்னேன். "அப்போ முழு சுவீடனும் தப்பு, இந்த அடுக்களை மட்டும் சரி?" இருக்கலாம்னேன். சொன்னேன் தம்பி! இந்த வாயாலதான் சொன்னேன்!

வருஷத்துக்கு அம்பத்திரெண்டு வாரம். சரிதானே? ஆனா அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா அம்பத்திமூணு வரும். போன வருஷம் வந்துச்சு. பால்காரனுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் டைம் டேபிள் போட்டவன் அம்பத்திரெண்டோட கோட்டைக் கிழிச்சு, அதுக்கடுத்து ஒண்ணுன்னு எழுதி வச்சிருக்கேன். நாடு பூரா ஒரு வாரத்துல இருக்கு, நான் மட்டும் ஒரு வாரம் முன்னாடி ஓடிட்டிருக்கேன்.

அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. டேபிளை ஒரு தடவை பாத்தேன், தெரிஞ்சுபோச்சு. ஆனா வாய் வரலியே! அவ ரெண்டு நாள் காத்திருந்தா. "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, ரெண்டு பேருக்கும் வேற டிக்கெட் எடுத்துக்கலாம்"னா. நான் குறுக்கெழுத்துப் போட்டுட்டிருந்தேன். போடல, சும்மா பேனாவைப் புடிச்சுட்டிருந்தேன். அவளுக்கு மட்டும் சரியான வாரத்துக்கு எடுத்துக்கிட்டா.

நான் வீம்புக்கு, என் டேபிள்படி அந்தத் திங்கக்கெழமை பெட்டியைத் தூக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயில் வந்துச்சு. கதவு தொறந்துச்சு. அங்க போயி ஒரு வாரம் கப்பலில்லாத கரையில ஒத்தையா என்ன பண்றது? "கடலைப் பார்த்தல்"? வீட்டுக்குத் திரும்பி வந்தேன். குன்வோர் கதவைத் தொறந்தா. சூப்பை எடுத்து வச்சா.

போன வாரம் திங்கக்கெழமை அவ கெளம்பினா. பைண்டரை மேஜை மேல நேரா, ஓரம் பிசகாம வச்சுட்டுப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

ஒரு வாரம் சத்தமே இல்ல. இந்தத் திங்கக்கெழமை போன்ல ஒரு சேதி வந்துச்சு. இருங்க, கண்ணாடி... இது. "இங்க யாரும் என்ன வாரம்னு கேக்கறதில்ல. காலைலேர்ந்து சும்மா உக்காந்திருக்கேன். பக்கத்துல எடம் இருக்கு. அடுத்த வியாழன் கப்பல். பைண்டர் வேண்டாம்."

பதில் எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. "நீ சொன்னதுதான் சரி. தப்பு என் மேல." ரெண்டே வரி. அனுப்பிட்டு நேத்தே டிக்கெட் எடுக்கப் போனேன். அந்தப் பொண்ணு என்னைக்குன்னு கேட்டா. எட்டாம் வாரம்னு சொல்ல வாயெடுத்து முழுங்கிட்டு, தேதியைச் சொன்னேன். வர்ற திங்கக்கெழமை. அதுக்குத்தான் இந்த அரைக்கால் சட்டை. போகும்போது அவ முன்னாடி சுத்தமாவாவது நிக்கணுமில்ல?

அதான் சொல்றேன், இந்த நேரம் பாத்து எவனோ வந்து என் மெஷின்ல...

என்ன காட்டறீங்க? பட்டியலா? எனக்கு எதுக்குங்க பட்டியல், ரெட்டை வாரம் ஓபெர்க், அது நான், ஒற்றை வாரம் மூணாம் மாடி... அந்த வீடு அக்டோபர்லேர்ந்து பூட்டித்தான் கெடந்துச்சு, நீங்க வர்ற வரைக்கும்... இன்னைக்கு எட்டாம் வாரம், ரெட்டை, காலைல அடுக்களையில பாத்துட்டுதானே எறங்கி...

இருங்க, என் டிக்கெட்டு... வர்றதுதான் எட்டாம் வாரம்.

அப்போ இது ஏழு.

ஜனவரிலேர்ந்தே நான்... அட கடவுளே. அந்தப் போர்வை உங்களுதா?

ஏங்க, முன்னாடியே சொல்லக் கூடாதா! அரை மணி நேரமா வாயே தொறக்காம கூடையை வச்சுட்டு... இல்ல இல்ல, நீங்க எழுந்திரிக்காதீங்க. நானே எடுக்கறேன். பெஞ்சுல தூசி பட்டிருக்கும், மறுபடி ஒரு அலசு அலசிப் போட்டுடறேன், சோப்பு என்னோடது. அந்தச் சீட்டை... கிழிச்சுட்டேன், பாருங்க, போச்சு. ஆத்துக்குப் போகச் சொன்னேனே, அதுவும் இப்ப ஒறைஞ்சுதான் கெடக்கு.

போறீங்களா? சரி, சரி. போர்வை காஞ்சதும் நானே மடிச்சு மேல கொண்டாந்து தரேன்.

தம்பி, ஒரு நிமிஷம்! அந்த பைண்டர் ரெண்டையும் பழைய காகிதத் தொட்டியில போடணும். காகிதம் அள்ற வண்டி ஒற்றை வாரமா வருது, ரெட்டை வாரமா...? வேண்டாம், நான் பாக்கல. நீங்களே பாத்துச் சொல்லுங்க.