இருபத்தெட்டு அடிக் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு பூசியமை தொடர்பாக

திகதி 2023.08.14, திங்கட்கிழமை, முற்பகல் 10.20. பொலிஸ் நிலைய முறைப்பாட்டுப் பகுதியில் சார்ஜனால் பதியப்பட்டது.

பெயர்: ஆதம்பாவா அப்துல் ஸமட். வயது: 63. முகவரி: கடற்கரை வீதி, கல்முனைக்குடி. தொழில்: முன்பு அரிசி ஆலை மேற்பார்வையாளர், தற்போது ஓய்வு, எனினும் ஊரின் சகல விடயங்களையும் சம்பளமின்றி மேற்பார்வை செய்து வருகிறேன். இதன் பிற்பகுதி அவசியமா என்று சார்ஜன் கேட்டார். அவசியம்.

நான் வசிப்பது எனது மனைவியின் வீட்டில். எங்கள் ஊர் வழமைப்படி வீடு பெண்பிள்ளைக்கே போகும். அவ்வாறே நான் பிறந்த வீடு எனது மூத்த சகோதரியான முனவ்வறா ராத்தாவுக்குச் சீதனமாகி, பின்னர் அவருடைய மகள் ஆகிலாவுக்குச் சீதனமாகியது. ஆகவே அந்த வீட்டில் ஓர் ஓட்டுத் துண்டும் எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவ்வீடு ஆயிரம் வருடப் பழமையானது. கேட்கப்பட்டபோது நூற்றுப் பத்து வருடம் என்று திருத்துகிறேன்.

ஆகிலாவின் கணவர் றினாஸ் கட்டாரில் பொறியியலாளர். இவ்வருடம் பெப்ரவரி மாதம் அவர், பழைய வீட்டைத் திருத்தி அதன் தெருப்பக்கமாகக் கண்ணாடிச் சுவர் வைத்த புதிய மண்டபம் ஒன்றைச் சேர்க்கும் வேலையை, இம்முறைப்பாட்டைச் செய்துள்ள கொந்தராத்துக்காரர் கிறிஸ்ரோபரிடம் ஒப்படைத்தார். பழைய சுவருக்குச் சீமெந்து ஒத்துவராது என்று வீட்டின் வரைபடம் கீறியவர் சொன்னபடியால் முற்றத்தில் இரண்டு பீப்பாய்களில் சுண்ணாம்பு ஊறப்போடப்பட்டது. அதன் பின் ஓடுகள் இறக்கப்பட்டன. அதன் பின் தெருப்பக்க அறையின் வெளிச்சுவர் உடைக்கப்பட்டு, அறை மண்டபத்தோடு சேர்க்கப்பட்டது. கூரையோடு எஞ்சியது அந்த ஓர் அறைதான். ஆகிலா குடும்பம் அடுத்த தெருவில் வாடகைக்குப் போக, ராத்தாவும் அவருடைய கணவரான மச்சான் பதியுதீனும் அந்த அறையிலேயே இருந்தனர். திறந்த பக்கத்தில் தறப்பாள் கட்டியிருந்தது.

மே மாதம் 20ஆம் திகதி காலை மச்சான் புதிய மண்டபத்தின் தரையில் நின்று, வெயில் எதுவரை வருகிறது என்று செருப்பை வைத்து அடையாளம் பார்த்தார். அன்று லுஹர் தொழுகைக்கு முன் மௌத்தானார். அவர் இறந்த அன்றிலிருந்து ராத்தா இத்தா இருக்கிறார். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே இருப்பது அதன் முறை. செப்டம்பர் 25ஆம் திகதி முடிகிறது.

ஆகஸ்ட் 10ஆம் திகதி கண்ணாடி வந்து பொருத்தப்பட்டது. அதன் பின் வேலையாட்கள் தறப்பாளைக் கழற்றி வேறு வேலைத்தளத்துக்குக் கொண்டு சென்றனர். திரைச்சீலை வர இன்னும் ஒரு மாதம் என்றார்கள். கண்ணாடி நூறு அடி நீளம். அளந்தபோது இருபத்தெட்டு. அதில் பட்டுத் தெறித்த வெயிலால் ஒலுவில் துறைமுகத்தில் வள்ளங்கள் திசை மாறின. சாட்சி உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை.

அன்றிலிருந்து ராத்தா அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் கதிரையைப் போட்டு அதிலேயே இருந்தார். தொழுததும் அதில், சாப்பிட்டதும் அதில். 12ஆம் திகதி, லீவில் வந்திருந்த றினாஸ், மாமியைச் சம்மாந்துறையில் உள்ள தனது சகோதரி வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பதென்று முடிவுசெய்து, மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்கு வான் பேசினார். அதன் பின் ராத்தா என்னை அழைத்து, "தம்பி, நான் இந்த ஊட்ட உட்டுப் போறல்ல. மீன்காரனுக்குக் காட்சி குடுத்துட்டு இரிக்கவும் ஏலா. நீ என்னத்தையாச்சும் செய்" என்றார். கடைசி வசனத்தை நான் அனுமதிப்பத்திரமாக ஏற்றேன்.

13ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்ரோபரும் ஆட்களும் பூசைக்குப் போவதால் வேலை இல்லை. காலை எட்டு மணிக்குத் தும்புத்தடியின் நுனியில் பிரஷைக் கட்டி, பழைய சுவருக்கென்று வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்கு இரண்டு பூச்சுப் பூசினேன். ஆயிரம் பேர் கூடி நின்று பார்த்தனர். ஏழு பேர் என்று திருத்துகிறேன். அதில் ஒருவர் மீன்காரர்.

பதினொரு மணிக்கு றினாஸ் வந்தார்.

"மாமா, இது கண்ணாடி மாமா."

"நேத்து வரைக்கும் கண்ணாடி மருமகன். இப்ப செவரு."

உள்ளே, தாயிடம் வந்திருந்த ஆகிலா சிரிக்கும் சத்தம் கேட்டது. அதன் பின் இன்னுமொரு சிரிப்பும் கேட்டது. மே மாதத்துக்குப் பின் அச்சத்தத்தை நான் கேட்கவில்லை. அதன் பின் றினாஸ் வான்காரருக்கு அழைத்து வரவேண்டாம் என்றார்.

இன்று காலை வேலைக்கு வந்த கிறிஸ்ரோபர், சுண்ணாம்பு ஊறிக் கண்ணாடி மங்கிவிடும், அதற்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்று இம்முறைப்பாட்டைச் செய்தார். இங்கு வைத்து அவர் என்னிடம், "ஐயா மௌத்தான பிறகு அம்மாவும் மகளோட போயிட்டா எண்டுதானே நான் நினைச்சன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்தத் தறப்பாளத் தொட்டிருப்பனா?" என்றார். அது நியாயம். ஊர் முழுவதற்கும் சொன்ன நான் அவருக்குச் சொல்லவில்லை. அது எனது பிழை.

இன்றே தறப்பாளைத் திரும்பக் கொண்டுவந்து கண்ணாடியின் உட்பக்கமாகக் கட்டித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். கட்டியதும் சுண்ணாம்பு முழுவதையும் எனது கையாலேயே கழுவித் தருவேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கண்ணாடியின் வடக்கு மூலையில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், உள்ளங்கை அளவு இடம் பூசப்படாமல் உள்ளது. தறப்பாளிலும் அந்த இடம் திறந்திருக்க வேண்டும்.

அவ்விடம் தவறுதலாக விடுபட்டதா என்று கேட்கப்பட்டது. இல்லை. கதிரையில் இருக்கும் ஒருவரின் கண் அந்த உயரத்தில் வரும். அதற்கு நேரே வாசல் படலையும் தெருவும் தெரியும். யார் வருகிறார், யார் போகிறார் என்று அறியாமல் எனது ராத்தா அறுபத்தெட்டு வருடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

நேற்று அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் அதனூடாக நூறு பேரைக் கண்டதாக அவர் என்னிடம் கூறினார். இத்தொகையைத் திருத்தும்படி கேட்கப்பட்டது. அது ராத்தா எண்ணியது. திருத்த மாட்டேன்.

மேலுள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்தங்களையும் திருத்தாததையும் சேர்த்து, நான் சொன்னது உண்மை என்று ஏற்று, யாருடைய வற்புறுத்தலுமின்றி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. அப்துல் ஸமட்