சூட்டில் தெளிந்த எண்ணெய்க்குச் சாட்சி சொன்னவர்கள் வாசித்தளிக்கும் விடைமடல்

எண்ணெயின் இயல்பறிந்த எம் அம்மையீர்! கசடின் கள்ளம் கண்டறிந்த கண்ணுடையீர்! கண்ணாடிக் குப்பியைக் கையிலேந்திக் காலமெல்லாம் நின்ற கடமையின் திருவுருவே! பேருந்துப் பணிமனையின் எரிபொருள் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து மூன்றாண்டு பணியாற்றி இன்று மாலையோடு விடைபெறும் பொறுப்பாளர் அவர்களே, வணக்கம்.

மோனை இத்துடன் போதும். இந்த மடலை எழுதி வாசிக்கும் பண்டகசாலை எழுத்தரான எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இங்கே யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது நான்தான். அதனால் எனக்குப் 'புலவர்' என்று பட்டப்பெயர். வேலைக்கே வராதவரை உழைப்பின் உறைவிடம் என்றும், தள்ளாடிக்கொண்டு வந்தவரை நிதானத்தின் நிலைக்களன் என்றும் கூசாமல் எழுதிய கை இது. தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் பொது மேலாளர் ஐயா அவர்கள் மடலின் நகலை முன்கூட்டியே கேட்டார்கள். மரபு வழுவாமல் எழுதிய நகல் ஒன்றைக் கொடுத்தோம். "ரொம்ப நல்லா வந்திருக்கு புலவரே" என்று பாராட்டினார்கள். இது அந்த நகல் அல்ல. ஐயா அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அம்மையீர், பதினான்கு ஆண்டுகளுக்கு முன், உணவகங்களிலும் விடுதிகளிலும் பொரித்துத் தீர்ந்து கறுத்துப்போன எண்ணெயை டிரம் டிரம்மாக வாங்கி வந்து, அதிலிருந்து டீசலுக்கு மாற்று செய்து நம் பேருந்துகளை ஓட்டலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, சிரிக்காதவர் நீங்கள் ஒருவர்தான். நாங்கள், பேருந்தில் உட்கார்ந்தால் பசிக்கும் என்று கேலி பேசினோம். நீங்கள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு படித்தீர்கள். எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் அளந்து கலந்து, கிளிசரின் அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே நிற்பதை மூன்று முறை தண்ணீரில் அலசி, ஈரம் போக உலர்த்தி, அதன் பிறகும் அதை நம்பாமல் குப்பியில் பிடித்துப் பார்த்தீர்கள். பாதி எண்ணெய், பாதி தண்ணீர், நன்றாக ஒரு குலுக்கல். அரை மணியில் இரண்டும் பிரிந்து நின்றால் சரி. மோர் போலக் கலங்கியே நின்றால் உள்ளே சோப்பு இருக்கிறது, மறுபடியும் அலசு. அது தேறினால் அடுத்த சோதனை. தண்ணீர் கலக்காத எண்ணெயை வேறொரு குப்பியில் எடுத்து, பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்க வரவேண்டும். அதுவும் எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு. "சூடா இருக்கறப்ப ஈரம் உள்ள ஒளிஞ்சுக்கும், தெளிவாத்தான் தெரியும். ஆறினாத்தான் அது யாருன்னு தெரியும்" என்பீர்கள். ஓட்டுநர்கள் உங்களுக்குக் 'குப்பியம்மா' என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் அதற்கும் கோபப்படவில்லை.

அந்த ஓட்டுநர்களில் ஒருவர் உங்கள் உடன்பிறந்த தம்பி. ஏழாம் எண் பேருந்து அவருடையது. சோதனைக்கு இரண்டே பேருந்துகள் கேட்டபோது மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்கு சொல்ல, அவர் தாமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "எங்க அக்கா கை பட்ட எண்ணெய். கண்ணை மூடிட்டு ஊத்துங்கப்பா" என்றார். இரண்டு ஆண்டு, ஒரு நாள்கூட அந்த வண்டி வழியில் நிற்கவில்லை. மதியம் அக்காளும் தம்பியும் ஆய்வுக்கூட வாசற்படியில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டதைப் பார்த்து, எங்கள் வீடுகளிலும் அப்படி இல்லையே என்று பொறாமைப்பட்டிருக்கிறோம்.

பிறகு வந்தது அந்தத் தொடக்க விழா. நாற்பது பேருந்துகளையும் உங்கள் எண்ணெயில் ஓட்டும் நாள். விருந்தினரின் வசதிக்காக விழா இரண்டு நாள் முன்னே நகர்ந்தது; எண்ணெய் நகரவில்லை. ஒரே ஒரு அலசல்தான் முடிந்திருந்தது, உலர்த்தவே இல்லை. குலுக்கினீர்கள், மோராக நின்றது. பதிவேட்டில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். அன்று இங்கே எரிபொருள் பிரிவு மேலாளராக இருந்தவரும் இன்று தலைமை நாற்காலியில் இருப்பவரும் ஒருவரே. அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, வாளி நிறைய வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் கலக்காத எண்ணெய் இருந்த இன்னொரு கலங்கிய குப்பியை அதில் கால்மணி நேரம் அமிழ்த்தி எடுத்துத் துடைத்து, விருந்தினர் முன் தூக்கிப் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்தார். தலைப்புச் செய்தி முதல் வரன் தேடும் விளம்பரம் வரை பளிச்சென்று தெரிந்தது. விருந்தினர் படித்தார்கள். வரிசையாக நின்று நாங்களும் படித்தோம். ஓட்டுநர்கள் வெளியே வண்டிகளோடு நின்றதால் உங்கள் தம்பி அங்கே இல்லை.

"ஆறின பிறகு படிங்க சார்" என்றீர்கள் நீங்கள், எல்லார் காதிலும் விழும்படி.

"ஏம்மா, எல்லாரும் படிச்சாச்சு. உங்களுக்கு மட்டும் கண்ணு தெரியலையா?" என்றார் அவர். விருந்தினர் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் இருந்திருக்கலாம், எவரும் எங்கள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. எண்ணெயை வெளியே விடும் தாளில் நீங்கள் கையெழுத்திட மறுத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வாய்மொழி உத்தரவில் நாற்பது தொட்டிகளும் நிரம்பின.

மறுநாள் விடியற்காலை நல்ல குளிர். தொட்டிகளில் எண்ணெய் ஆறி, ஈரமும் சோப்பும் திரண்டு நின்றன. பாதி வண்டிகள் கிளம்பவே மறுத்தன. அவை புண்ணியம் செய்தவை. ஏழாம் எண் கிளம்பியது. சந்தைக்குப் பின்னால் உள்ள மேட்டில், வண்டி நிறைய ஆட்களோடு ஏறும்போது வடிகட்டி அடைத்து எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றதால் பிரேக்கும் இறுகவில்லை, வண்டி பின்னால் உருண்டது. உங்கள் தம்பி நினைத்திருந்தால் குதித்திருக்கலாம். கீழே கடைகளும் ஆட்களும் இருப்பதைக் கண்ணாடியில் பார்த்து, திருப்பிக் கொண்டுபோய்க் கிடங்குச் சுவரில் அணைத்தார். பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருடைய வலது மணிக்கட்டு கதவுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியது. அதன் பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. நேரக் காப்பாளராகி, வாயிற் கூண்டில் அமர்ந்து, மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளின் நேரத்தை இடக்கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

விசாரணை வந்தது. மேலாளர், விழாவில் குப்பி வழியே படித்த எங்கள் பதினாறு பேரையும் தம் அறைக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். அதற்கு முன் அந்த அறையில் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. "யாரும் பொய் எழுத வேணாம். கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க, போதும். புலவரே, நீங்கதான் நல்லா எழுதுவீங்களே" என்றார். எழுதினேன். 'விழா நாளன்று ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் முன்னிலையில் கண்ணாடிக் குப்பியின் பின்னே பிடிக்கப்பட்ட செய்தித்தாளின் எழுத்துகளை நாங்கள் யாவரும் ஐயம் திரிபறப் படித்தோம்.' ஐயம் திரிபற! எழுதி முடித்ததும் அந்தச் சொற்றொடருக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன், அம்மையீர். அதை இங்கே சொல்லாமல் விட்டால் இந்த மடலும் அந்தத் தாளைப் போல் ஆகிவிடும்.

அதில் எந்தச் சொல் பொய்? ஒன்றுகூட இல்லை. சூடாக இருந்தது என்பதை மட்டும் விட்டோம். ஆறட்டும் என்று நீங்கள் சொன்னதை விட்டோம். கையெழுத்திட மறுத்ததை விட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பதினாறு பேர் கூடி உட்கார்ந்து மறைத்தால் முடிகிறது. 'தேறவில்லை' என்று நீங்கள் எழுதிய பதிவேடு விசாரணைக்கென்று எடுத்துச் செல்லப்பட்டது, திரும்பி வரவில்லை. தெளிந்த எண்ணெயைப் பொறுப்பாளர் பார்த்து ஒப்பியிருக்கிறார், பிழை ஆய்வுக்கூடத்தினுடையது என்று தீர்ப்பாயிற்று. உங்கள் பணிப்பதிவேட்டில் 'கவனக்குறைவு' ஏறியது. பதவி உயர்வு நின்றது. ஆய்வுக்கூடச் சாவியைப் பறித்து உங்களைக் காலி டிரம் எண்ண வைத்தார்கள். வேறு எவராலும் அந்த எண்ணெயைச் சரியாகச் செய்ய முடியாததால் எட்டே மாதத்தில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். வருத்தம் என்று எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு பதினோரு ஆண்டுக்கு மேல், உங்கள் எண்ணெயால் ஒரு வண்டிகூட நின்றதில்லை.

எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் கேட்டருளுங்கள். ஒருவருக்கு நிரந்தரப் பகல் முறை. ஒருவருக்குக் குடியிருப்பில் கீழ்த்தள வீடு. எனக்கு மின்விசிறிக்கு நேர்கீழே மேசை. பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, அவர்கள் சும்மாதான் கையெழுத்திட்டார்கள். கூட்டத்தோடு கோவிந்தா.

நீங்கள் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாங்களும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி உங்களைக் கெட்டவராக்கியிருப்போம். நீங்கள் எங்கள் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தீர்கள். தலைவலி என்றால் மாத்திரை தந்தீர்கள். ஒவ்வொரு காலையும் வாயிற் கூண்டைக் கடந்து உள்ளே வந்தீர்கள், கூண்டுக்குள் இருப்பவர் தலையைக் குனிந்து நேரம் எழுதினார். உங்கள் தாயார் மருத்துவமனையில் கிடந்த கடைசிப் பதினெட்டு நாள், கட்டிலுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர். "மாத்திரை ராத்திரி ரெண்டுன்னு அவங்ககிட்ட சொல்லும்மா" என்பார் அவர். "கேட்டுக்கிட்டேன்னு சொல்லும்மா" என்பீர்கள் நீங்கள். பேச முடியாத அந்தத் தாய் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்ததை, ஆறுதல் சொல்ல வந்து நின்ற எங்களில் இருவர் கண்ணால் கண்டார்கள். அன்றாவது சொல்லியிருக்கலாம். பழம் வாங்கிக்கொண்டு போனவர்கள் பழத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இன்று மட்டும் எங்கிருந்து வந்தது வீரம் என்று கேட்பீர்கள். வீரம் இல்லை. எங்களில் பெரும்பாலோருக்கு இன்னும் ஓராண்டு, ஈராண்டு. இனி எங்களை எவரும் எங்கும் தூக்கிப்போட முடியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். விட்டவற்றையெல்லாம் சேர்த்து எழுதிய வாக்குமூலத்தை நேற்றுத் தலைமை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம். 'கவனக்குறைவு' நீங்குமா என்று தெரியாது. நீங்கினாலும் பன்னிரண்டு ஆண்டு திரும்பாது. அன்றைய பதினாறு பேரில் இருவர் காலமாகிவிட்டனர். ஒருவர் மகனோடு தூரதேசம் போய்விட்டார். ஒருவர் "எனக்கு ஞாபகமே இல்லீங்க" என்றார். ஒருவர் "இப்ப எதுக்குய்யா இதெல்லாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மிச்சம் பதினோரு பேர் இங்கே நிற்கிறோம்.

நீடு வாழ்க, நோயின்றி வாழ்க என்று முடிப்பது மரபு. எங்கள் வாய் வாழ்த்தினால் பலிக்குமோ என்னவோ. ஆனாலும் நீங்கள் நன்றாக இருக்கவேண்டும், அம்மையீர். குப்பியைத் தூக்கித் தூக்கி வலது தோள் வலிக்கிறது என்று மருத்துவரிடம் போய்வந்ததாகக் கேள்விப்பட்டோம். அது குணமாகட்டும். விடிந்தும் இன்னும் கொஞ்சம் தூங்குங்கள். எங்கள் முகத்தில் விழிக்காத காலைகள் உங்களுக்கு நிறைய வாய்க்கட்டும்.

இனி ஒரு வார்த்தை, கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் நேரக் காப்பாளருக்கு. நேரக் காப்பாளர்கள் அனைவரும் வரவேண்டும் என்று உத்தரவு இருப்பதாகச் சொல்லி உங்களை வரவழைத்தோம். அப்படி உத்தரவு எதுவும் இல்லை. நாங்கள் சொன்ன கடைசிப் பொய்யாக அது இருக்கட்டும். விசாரணை முடிந்த அன்று ஆய்வுக்கூட வாசற்படியில், கட்டுப்போட்ட கையோடு, எங்கள் தாளின் நகலை அக்காளிடம் நீட்டினீர்கள். "நான் எண்ணெய வெளிய விடமாட்டேன்னு சொன்னேன்டா, யாரும் கேக்கல" என்று அவர் சொன்னார். "பதினாறு பேர் சேர்ந்து பொய் சொல்லுவாங்களாக்கா?" என்று கேட்டீர்கள். அவரிடம் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், பண்டகசாலைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சொல்லுவோம், தம்பி. பதினாறு பேரும் சேர்ந்துதான் சொன்னோம். பதினேழாவதாக ஒரே ஒருவர் உண்மை சொன்னார். அவரோடுதான் நீங்கள் பன்னிரண்டு ஆண்டு பேசவில்லை.

இப்படிக்கு,
அன்று படித்ததை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டவர்களில் எஞ்சிய பதினொருவர்,
பேருந்துப் பணிமனை