பன்னிரண்டு மணிக் கதவு

யேசுதாசன்: ...ஆறு பேர் வைச்சாச்சு, சரணியா. உன்ரை ஒப்பம் ஒண்டுதான் மிச்சம்.

சரணியா: வைக்கமாட்டன் அண்ணை.

யேசுதாசன்: பேப்பரை வாசிச்சனீயோ?

சரணியா: ரண்டு தரம். குதிரையோட்டத் திடலிலை நாங்கள் வேலை செய்யிற இந்தச் சூதாட்ட மெஷின் ஹோல், இனிப் பன்னிரண்டுக்கில்லை, காலமை எட்டுக்கே திறக்கும். வேலையாக்கள் ஏழு பேரும் சம்மதிச்சாத்தான் கெமைண்டே நகரசபை அனுமதி குடுக்கும். சரியோ?

யேசுதாசன்: சரி. பிறகென்ன?

சரணியா: பிறகொண்டுமில்லை. எனக்குச் சம்மதமில்லை.

யேசுதாசன்: காலமை எழும்பப் பஞ்சியாக்கும்...

சரணியா: நாலு மணிக்கே எழும்புறவள் நான். அம்மா வேலைக்குப் போக முதல் தேத்தண்ணி வைக்கிறது ஆர்? அவ திருநீறு பூசி முடிய பஸ் வந்திடும்.

யேசுதாசன்: அப்ப குதிரையளிலை இரக்கம். எட்டு மணிக்கு ஒரு குதிரையும் ஓடாது, பிள்ளை.

சரணியா: அதைத்தான் கேக்கிறன். குதிரை ஓடாத நேரத்திலை மெஷின் ஆருக்கு ஓடுது?

யேசுதாசன்: வாறாக்களுக்கு.

சரணியா: எட்டு மணிக்கு ஆர் வருவினம்? ஒஃபீஸ் கூட்டித் துடைச்சுப்போட்டு, வாசல்லை பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பிளையள்தான் வருவினம்.

யேசுதாசன்: ...முதலாளி ஷெஃப் உன்னை வேறை வேலைக்கு மாத்திப்போடுவார்.

சரணியா: மாத்தட்டும். கக்கூஸ் கழுவ விட்டாலும் கழுவுவன். ஒப்பம் வைக்கமாட்டன்.

யேசுதாசன்: ஒரு காரணம் சொல்லன். அவர் கேட்டால் நான் என்னெண்டு சொல்ல?

சரணியா: சரணியாவுக்கு விருப்பமில்லையாம் எண்டு சொல்லுங்கோ.

யேசுதாசன்: அது அவருக்குக் காணாது.

சரணியா: எனக்குக் காணும்.

யேசுதாசன்: பிள்ளை... வீட்டிலை ஆருக்கும்...

சரணியா: வீட்டுக் கதை வேண்டாம் அண்ணை.

யேசுதாசன்: சரி, விடு. தேத்தண்ணி ஆறுது, குடி.

சரணியா: ...அம்மா எட்டுக்கு வேலை முடிஞ்சு இந்த வாசலுக்குத்தான் பஸ் பிடிக்க வாறவ. பன்னிரண்டுக்கு ஹொட்டேல் குசினியிலை மற்ற வேலை. இடையிலை இந்தக் கதவு பூட்டியிருக்கிறதாலைதான் வீட்டை வந்து படுக்கிறா.

யேசுதாசன்: அவ முந்தி மெஷினிலை காசு வைச்சு விளையாடினவவோ?

சரணியா: முந்தி இருந்த ஊரிலை, மெஷினுக்கு முன்னாலை குந்தினால் சோறு தண்ணி நினைப்பில்லை அவவுக்கு. விட்டுட்டன் எண்டு அட்லிஸ்வில் கோயில் முருகனிட்டைச் சத்தியம் பண்ணினவ. கதவு பூட்டியிருக்கும் மட்டும் அதை நம்புவன். ஷெஃப் வரட்டும், கெமைண்டே முழுக்க வரட்டும், அந்தப் பூட்டை என்ரை கையாலை திறக்கமாட்டன். போய்ச் சொல்லுங்கோ.

யேசுதாசன்: ஆறு எண்டது பொய். வைச்சது அஞ்சு பேர்தான், பிள்ளை. நானும் வைக்கேல்லை. காலமை காலமை கதவுக் கண்ணாடியிலை, உள்ளை மெஷினை எட்டிப் பாக்கிற ஆளின்ரை நெத்தி முட்டுற உயரத்திலை, திருநீறு அப்பியிருக்கும்... நீ வர முதல் அதைத் துடைச்சுவிடுறது நான்தான்.