பச்சையம்மா கையெழுத்துப் போடாத மனு

மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, மீன் விற்கும் மகளிர் சங்கத்துச் சகோதரிகளே, மீஞ்சூரிலிருந்தும் எளாவூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவினர்களே, குப்பத்துத் தலைவன் லோகநாதனின் வணக்கம்.

மறைந்த சங்கத் தலைவி பச்சையம்மா எனக்கு அண்ணி. மீன் ஏலத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று நின்று வாங்கிக் கொடுத்தவர். அதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத கதை.

அவருக்கு ஒரே மகன், இளவழகன். ஏரியில் அன்று வலை போடும் முறை யாருக்கு என்ற சண்டையில் நம் ஊர் முத்து அவனைத் துடுப்பால் அடித்தான். தண்ணீரில் விழுந்த பிள்ளையைப் பிணமாகத்தான் கரையேற்றினோம். முத்து எட்டு ஆண்டுகள் சிறையில் இருந்தான். விடுதலையாகி வந்தபோது, அவனும் அவன் வீட்டாரும் இனி ஏரியில் இறங்கக் கூடாது என்று பஞ்சாயத்துக்கு ஒரு மனு தயாரானது. எழுதியவன் நான். ஊரே கையெழுத்துப் போட்டது. முதல் இடத்தை அண்ணிக்காக விட்டிருந்தேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை.

"அவன் ஜெயிலுக்குப் போனது சரி லோகு. செஞ்சது தப்புன்னு தெரியணும். எட்டு வருசம் கெடந்தான். ஒரு நாளாச்சும் எம் புள்ள சோத்துக்கு வந்தானா?"

"அவன் இன்னும் கஷ்டப்பட வேணாமா அண்ணி?"

"பட்டா எனக்கு இன்னா கெடைக்கும்? எம் புள்ளய கடைசியா பாத்தவன் அவன்தான். அந்த எடத்த எனக்கு வேற யாரு காட்டுவா?"

மறுநாள் காலை முத்துவின் படகில் ஏறினார். தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் ஏறினேன். ஓரிடத்தில் அவன் படகை நிறுத்தினான். அண்ணி வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எப்டிடா வந்தான்?"

"பாடிக்கினே வந்தாம்மா."

"எம் புள்ள பாடுவானா? ஊட்ல வாயே தொறக்க மாட்டானே. இன்னா பாட்டு?"

முத்துவுக்கு வார்த்தைகள் நினைவில்லை. மெட்டை முணுமுணுத்தான், பாதியில் உடைந்து அழுதான். அண்ணி காத்திருந்து, "இன்னொரு தபா" என்றார். கரை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

தோழர்களே, தண்டனை எதற்காக? வலிக்கு வலி கொடுத்துத் தீர்ப்பதற்காகவா? அப்படித்தான் நம்பினேன். அது முழுதும் தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் அண்ணியின் பெயரில் நான் வளர்த்த கோபத்தில், அவர் ஏங்கியது ஒன்றுகூட இல்லை. அவர் ஏங்கியது தன் மகனுக்காக. அவனைப் பற்றி இன்னும் ஒரே ஒரு செய்திக்காக.

பஞ்சாயத்தில் அவரே பேசி, முத்துவுக்கும் அவன் வீட்டாருக்கும் ஏரியில் இறங்கும் உரிமையை வாங்கிக் கொடுத்தார். ஒருவன் செய்த குற்றத்துக்கு வீட்டையே ஒதுக்கும் வழக்கம் இந்தக் குப்பத்தில் இனி இருக்காது. நான் தலைவனாக இருக்கும்வரை அதற்கு நான் பொறுப்பு.

அண்ணியின் பாடையைத் தூக்க முத்து வந்து நின்றான். நகர்ந்து இடம் கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. இதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். கூட்டம் முடிந்ததும் அவனிடம் போகிறேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. அண்ணி இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.