வாவியிலிருந்து ஒரு கவி

பட்டணம் போகும் தோணியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

"எண்ட கவிய, பாடுறதுக்கு ரெண்டு நாளைக்கு முதலே கடதாசியில எழுதிக் குடுக்கட்டாம், வாசிகசாலைக்காரங்க சொல்றாங்க."

வாசிகசாலைத் தோட்டத்தில் அன்று மாலை கவியும் சங்கீதமும் நடக்க இருந்தன.

"எழுதத் தெரியாதெண்டு சொன்னீங்களா, மச்சாள்?"

"சொன்னன். அப்ப பாட ஏலாதாம். வந்து கேக்கலாமாம்."

"பிறகேன் போறம்?"

"பாடத்தான். தோட்டத்துக்குப் பின்னால வாவிதானே. தோணிய அங்க நிப்பாட்டச் சொல்லியிருக்கன். கச்சான் காத்து அடிக்குது, குரல் நேரா உள்ளுக்குப் போகும்."

தோணிக்காரர் தலையாட்டினார்.

"வெள்ளைக்காரத் துரையும் வாறாராம். ஏசுவாங்க."

"ஏசட்டும். வயல்ல ஒரு வரம்பில கவி கேட்டா, மத்த வரம்பில இருந்து உடன மறுகவி வரோணும். வராட்டி அவங்க தோத்தாங்க. உள்ளுக்கு இருக்கிறவங்களும் வயல்காரர்ர புள்ளைகள்தான். அவங்களுக்கும் இது தெரியும்."

இளையவள் விடவில்லை.

"அவங்களும் மறுகவி பாடினா?"

"பாடட்டும். அத எப்ப எழுதிக் குடுத்தீங்க எண்டு கேப்பன்."