விட்டுவைக்கச் சொன்ன பக்கம்

ரப்பர் கயிற்றை இழுத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், ஐயா. விட்டுப் பார்த்து வாங்க வேண்டும். இழுத்தால் எந்தக் கயிறும் நீளும். விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்பதுதான் விஷயம்.

படகு மூடும் கேன்வாஸ் உறையைச் சுற்றிலும் இந்தக் கயிறும் கொக்கியும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வெயிலில் கிடந்தால் ரப்பர் செத்துவிடும். செத்ததை அவிழ்த்துப் புதிது போடுவது என் பிழைப்பு. நான் உறை மாட்டிய படகு ஒன்று ஒருமுறை மூழ்கிப்போனது. தூக்கிப் பார்த்தால் உள்ளே இருந்த தீப்பெட்டி முதல் உரசலிலேயே பற்றியது. என் மாப்பிள்ளை மட்டும் இதை நம்பவில்லை. "மாமா, அந்தத் தீப்பெட்டியக் கொஞ்சம் குடுங்க, அடுப்புப் பத்தவைக்கணும்" என்பார், படகுத்துறையில் நாலு பேர் முன்னால். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

அவருக்கு வேறொரு துறைமுகத்தில் வேலை கிடைத்தது. என் மகளைக் கூட்டிக்கொண்டு தன் படகிலேயே போய்விடுவதாக ஏற்பாடு. எனக்கு இருப்பது ஒரே மகள். அவளும் போய்விட்டால் வீட்டில் நானும் கயிற்றுச் சுருளும்தான். அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீயும் வந்துடுப்பா. அங்கயும் படகு இருக்கு. அங்கயும் கயிறு அறும்." உப்பு சரியாக இருக்கிறது என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை படகை உறையால் மூடி, உள்ளே படுத்தபடி எஞ்சினை ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். புகைக்குழாயில் விரிசல். ஒரு பக்கத்துக் கயிறுகள் செத்துத் தொங்கியதால் அந்த வழியாகப் புகை வெளியேறிக்கொண்டிருந்தது. பழைய கயிறு எல்லாவற்றையும் மாற்றித்தருகிறேன் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

"மாமா, இந்தப் பக்கம் மட்டும் இப்ப விட்டுடுங்க. புகை போகட்டும்."

"சரி மாப்ள. கத்தி இருந்தா குடுங்க, கயிறு நறுக்கணும்."

இடைவெளியில் கையை நீட்டிக் கொடுத்தார். பிடியை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார். மரியாதை தெரிந்தவர்.

எங்கள் தொழிலில் கயிற்றை அளவுக்கு வெட்டமாட்டோம். ஒரு பிடி குறைத்தே வெட்டுவோம். அப்போதுதான் இறுக்கம் நிற்கும். கொக்கியைப் படகின் வெளிவிளிம்புக்கு அடியில் மாட்டுவோம், காற்று கழற்றிவிடாமல் இருக்க. உள்ளிருந்து கைக்கு எட்டாது. இதை யாரும் இதுவரை குறையாகச் சொன்னதில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது யார் உறையை மாட்டப்போகிறார்கள்?

கடைசிக் கொக்கி விழுந்ததும் உறையை உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். மத்தளம்போல ஒலித்தால் வேலை சுத்தம். அன்று நான் தட்டுவதற்கு முன்பே ஒலித்தது. "மாமா, விளையாடாதீங்க" என்றார். என் கதைகளைக் கேட்டுப் பழகியவர். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. பிறகு இன்னும் சில தடவை ஒலித்தது. பிறகு மழைச் சத்தம்தான். எஞ்சின் நன்றாகவே ஓடியது. பெட்ரோல் தீர்ந்து அது நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து நனைந்தேன். அவரைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை.

வயதானவன், காது மந்தம், மழையில் கேட்டிருக்காது என்று வாக்குமூலத்தில் நீங்களே எழுதிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் என் காதில் பழுதில்லை, ஐயா. அவர் எத்தனை தடவை என்னை மாமா என்று கூப்பிட்டார் என்றுகூடச் சொல்ல முடியும். அவரிடம் கத்தி கேட்டபோது என் கத்தி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

மகள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். போகப்போகச் சரியாகிவிடும். நான் அவளை இழுக்கவே இல்லை, ஐயா. அவளாகத்தான் திரும்பி வந்தாள்.